பழைய லேப்டாப்பைப் பரணில் ஏற்றுவதற்கு முன்

பழைய லேப்டாப்பில் இருப்பதைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றுவது யார் வேலை? பிள்ளைகள் வேலை என்று பலர் நினைக்கிறோம். அல்லது கடைக்காரப் பையன் வேலை என்று. என் அபிப்பிராயம் வேறு. அது நம் வேலை. ஒயரைச் சொருகுவதையும் பட்டனை அழுத்துவதையும் யார் வேண்டுமானாலும் செய்யட்டும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எது வந்தது, எது வரவில்லை, வந்ததைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டியவர், அதை எழுதி வைத்தவர்தான். எழுதியது தமிழில் என்றால் இது இன்னும் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்களில் பலர் கம்ப்யூட்டரைத் தொட்டது 1995க்கும் 2005க்கும் நடுவில். 2000-01இல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது என்னோடு வேலை பார்த்தவர்களில் நான்கைந்து பேர் அந்தப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனதில் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. அதில் என்ன செய்தோம்? பெண் கல்யாணத்து மொய்க் கணக்கு. வீடு கட்டிய செலவு. பென்ஷன் அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள். வம்சாவளி. முதல் டிஜிட்டல் கேமராவில் எடுத்த பேரக்குழந்தை படங்கள். ஷஷ்டியப்தபூர்த்தி மலருக்கு எழுதிய கட்டுரை. இவற்றில் பாதிக்குக் காகிதப் பிரதி கிடையாது. "கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே" என்று பிரிண்ட் எடுக்காமல் விட்ட தலைமுறை நாம்.

அந்த லேப்டாப்புகள் இப்போது எங்கே? பரணில், பீரோவுக்கு மேல், கட்டில் அடியில். சிலது எக்ஸ்சேஞ்ச் சலுகையில் போய்விட்டது. என் உறவினர் ஒருவர் அப்படித்தான் கொடுத்தார். கடையில், "எல்லாம் எடுத்துப் போட்டாச்சு சார்" என்றார்கள். எடுத்தது 'மை டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டர் ஒன்றை மட்டும். அவரோ தன் கணக்கு வழக்கு முழுவதையும் டி டிரைவில் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தார். இது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? உறவினர் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்து, திரும்பப் போய்க் கேட்பதற்குள் டிஸ்க்கை அழித்துவிட்டார்கள். கடைக்காரர் நேர்மையானவர்தான். கேட்ட வேலையைச் செய்தார். கேட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வீட்டில் நடந்தது வேறு மாதிரி. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். கும்பகோணம் பக்கம் பூர்வீகம். 1999லிருந்து ஐந்தாறு வருஷம், லீவு கிடைத்தபோதெல்லாம் ஊருக்குப் போய், எண்பது தொண்ணூறு வயதுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார். ஏழு தலைமுறை வம்சாவளி, எந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடும்பத்து மண்டகப்படி, எல்லாம் அதில் இருந்தது. தன் தாயார் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும்கூட அந்த அம்மாளையே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லித் தட்டச்சு செய்தார். அவருக்குத் தகவல் சொன்னவர்களில் இன்று ஒருவர்கூட இல்லை. அவரும் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து கிளம்பும் முன் அவர் மகன் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்திருக்கிறான். "அம்மா, ஒண்ணு விடாம எடுத்தாச்சு." உண்மைதான், ஒன்றையும் விடவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணா, இவர் எழுதினதைப் படிக்கலாம்னு திறந்தா ஒரே கோணல்மாணலா இங்கிலீஷ் எழுத்தா வருது. கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை. இதைத்தான் விளக்க வேண்டும். நம்மில் பலருக்கு இதே காரியம் காத்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்து ஃபாண்டுகளில் மொத்தம் 256 இடங்கள். அதிலும் பலவற்றைப் புழங்க முடியாது. தமிழ் எழுத்துகளே 247. கிரந்த எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்தால் கொள்ளாது. ஆகவே கால், கொம்பு, சுழி என்று எழுத்தை உடைத்து, ஆங்கில எழுத்துக்கான இடங்களில் தமிழின் உறுப்புகளைக் குடியேற்றினார்கள். எந்த இடத்தில் எது என்பதற்குப் பொது ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு ஃபாண்டு செய்தவரும் தன் வசதிக்கு வைத்துக்கொண்டார். உதாரணத்துக்கு, பாமினி ஃபாண்டில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஒரு எச். பாமினி இருக்கும் மெஷினில் அது அம்மா. இல்லாத மெஷினில் அது வெறும் எம்-கே-அரைப்புள்ளி-கே-எச். வேறு தமிழ் ஃபாண்டை மாற்றிப் போட்டால் இன்னும் மோசம், தமிழ் எழுத்தாகவே தெரியும், ஆனால் பொருள் இருக்காது.

அதாவது ஃபைல் பாதி, ஃபாண்டு பாதி. மகன் முதல் பாதியை எடுத்தான். இரண்டாவது பாதி என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. அவன் தலைமுறை தமிழ் தட்டச்சு செய்ய ஆரம்பித்தபோது யூனிகோடு வந்துவிட்டது.

நல்ல வேளை, அந்த அம்மாள் லேப்டாப்பைத் தூக்கிப் போடவில்லை. பரணிலிருந்து இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதன் சார்ஜரைத் தேடிப் பிடித்துப் போட்டோம். விண்டோஸ் எக்ஸ்பி மெல்ல எழுந்தது. கன்ட்ரோல் பேனலில் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஆசிரியர் உபயோகித்த ஃபாண்டு இருந்தது. அந்தச் சின்ன ஃபைலைக் கொண்டுவந்து புதிய கம்ப்யூட்டரில் நிறுவியதும், கோணல்மாணல் எல்லாம் ஒரு நொடியில் தமிழாக மாறியது. அந்த அம்மாள் முதலில் படித்தது வம்சாவளியை அல்ல, மாமியாரின் ஒப்பாரியை. வாய்விட்டுப் படித்தார்கள். ராகம் தானாக வந்துவிட்டது. நான் எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டேன்.

பிறகு வந்தது பயன். ஊரில் ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா விஷயமாக அலைந்துகொண்டிருந்த மகனுக்கு, பழைய சர்வே எண் அப்பாவின் குறிப்பில் கிடைத்தது. "யார் இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். யார் படிப்பார்கள் என்று எழுதும்போதும் நமக்குத் தெரியாது, எடுத்து வைக்கும்போதும் தெரியாது. தேவை வருகிறபோதுதான் தெரியும்.

ஃபாண்டு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அந்த ஃபாண்டு இன்னும் எத்தனை காலத்துக்குப் புதிய கம்ப்யூட்டர்களில் ஒழுங்காக வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க மாட்டார்கள். செல்போனிலோ வாட்ஸ்அப்பிலோ அது செல்லாது. ஆகவே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். யூனிகோடின் 1991 முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் விண்டோஸில் அது நம் கைக்கு வந்தது விண்டோஸ் 2000 காலத்தில்தான். நடுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி. இணையத்தில் இருந்த தமிழர்கள் திஸ்கி என்று ஒரு பொது ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்ததை ஒட்டித் தமிழக அரசு டேம், டேப் என்று இரண்டு ஏற்பாடுகளையும், தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. 2010இல் அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இத்தனை மாற்றமும் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள். அந்த வருஷங்களில்தான் நாம் எழுதித் தள்ளியிருக்கிறோம்.

மாற்றுவது கடினமா? இல்லை. சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் உண்டு. எந்த ஃபாண்டு என்று சொல்லிவிட்டால் யூனிகோடாக மாற்றித் தரும். ஆனால் எந்த ஃபாண்டு என்று சொல்ல வேண்டுமே! அதைச் சொல்லக்கூடியவர் நாம். மாறி வந்ததை ஒரு தடவை படித்துத் திருத்த வேண்டியவரும் நாம். நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களும் எண்களும் சில சமயம் குழம்பிப்போகும். மொய்க் கணக்கில் ஒரு எண் மாறினால் கண்டுபிடிக்க வேறு ஆளில்லை.

மதுரைத் திட்டத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1998 பொங்கலன்று தொடங்கி, சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்கள். முதலில் பழைய ஃபாண்டு ஏற்பாட்டில் வைத்தவற்றைப் பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் அவற்றை இன்று பேரன் செல்போனில் படிக்க முடிகிறது. ஒரு தடவை எழுதி வைத்தால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

இது கம்ப்யூட்டரோடு வந்த புதுத் தொல்லையும் அல்ல. ஓலைச்சுவடி எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் பூச்சி அரிக்கும், ஒடியும். யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதியதால்தான் சங்க நூல் நம் கைக்கு வந்தது. பெயர்த்து எழுத ஆளில்லாத இடத்தில் என்ன ஆயிற்று? கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் ஆகுதி செய்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்த இடம் மறந்திருக்காது. அங்கே எரித்தவர்களும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது குப்பை. படிக்க முடியாத ஃபைலும் நம் பிள்ளைகள் கண்ணுக்குக் குப்பைதான். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இனி, மாற்றும் வழியைப் பற்றி. இதில் நான் நிபுணன் அல்ல. நாலைந்து வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், பல வருஷம் சும்மா கிடந்த லேப்டாப்பை எடுத்தவுடன் கரண்டில் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் தொடாமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதற்கென்று வந்த சார்ஜரைத்தான் உபயோகிக்க வேண்டும். ஊசி பொருந்துகிறது என்பதற்காக வேறு சார்ஜரைச் சொருகக் கூடாது. தேதி பல வருஷம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும்.

விண்டோஸ் 98 காலத்து லேப்டாப் என்றால், டிரைவர் மென்பொருள் போடாமல் பென் டிரைவை அது அடையாளம் காணாது. ஃபிளாப்பிதான் வழி. ஒரு ஃபிளாப்பியில் கொள்வது 1.44 எம்.பி. இன்றைய செல்போன் படம் ஒன்றுகூட அதில் ஏறாது. ஆனால் எழுத்து மட்டும் உள்ள கடிதங்கள் இருபது, முப்பது ஏறும். புதிய கம்ப்யூட்டரில் சொருகுகிற யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. நல்ல ஃபிளாப்பி கிடைப்பதுதான் கஷ்டம். சோனி நிறுவனமே ஜப்பானில் 2011 மார்ச்சோடு ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது.

எக்ஸ்பி லேப்டாப் என்றால் பென் டிரைவ் போதும். ஆனால் புதிதாகக் கிடைக்கும் 64, 128 ஜி.பி. பென் டிரைவுகளை எக்ஸ்பி பெரும்பாலும் படிக்காது. 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைவானதாக, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். பழைய யூ.எஸ்.பி. 1.1 வாசல் என்றால் நொடிக்கு ஒரு எம்.பி. அளவில்தான் ஓடும். 10 ஜி.பி. படங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் பிடுங்கிவிடாதீர்கள்.

வீட்டு வைஃபையில் இரண்டையும் சேர்த்து மாற்றலாமே என்று கேட்பார்கள். எக்ஸ்பி ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை பழையது, பாதுகாப்பில்லாதது. 2017க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10இல் அதை மைக்ரோசாஃப்ட் தானாக வேலை செய்யாதபடி விலக்கிவிட்டது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுபோனது. அந்த லேப்டாப்பை இன்டர்நெட்டில் விடாமல் இருப்பதே நல்லது.

லேப்டாப் எழுந்திருக்கவே மாட்டேன் என்றால்? மெஷின் செத்தாலும் ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கலாம். அதைக் கழற்றி, யூ.எஸ்.பி. கன்வர்ட்டர் ஒன்றில் பொருத்திப் புதிய கம்ப்யூட்டரில் சொருகினால் பெரிய பென் டிரைவ் போலத் திறக்கும். பழையது ஐ.டி.ஈ. வகை, பின்னால் வந்தது சாட்டா வகை. டிஸ்க்கைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். ரிச்சி தெருவில் இரண்டுக்கும் கிடைக்கும். அதனால்தான், டிஸ்க்கோடு லேப்டாப்பைப் பழைய சாமான்காரருக்குப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பேங்க் விவரங்கள் வெளியே போகும் அபாயமும் அதில் உண்டு.

எந்த வழியானாலும் சில விதிகள் பொது. 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். டெஸ்க்டாப், டி டிரைவ், ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் மூன்றையும் சேர்த்து எடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் மெயில் பார்த்தவர்கள், மெயில்கள் மறைவான ஒரு ஃபோல்டரில் இருக்கும் என்று உதவிக்கு வருபவரிடம் சொல்லிவையுங்கள். அவர் தானாகத் தேட மாட்டார். எடுத்த பிறகு இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல், எவ்வளவு அளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வெவ்வேறு வருஷத்து ஃபைல்கள் பத்தையாவது திறந்து படியுங்கள். திறக்க மறுக்கும் பழைய வேர்ட், லோட்டஸ், பேஜ்மேக்கர் ஃபைல்கள் பலவற்றை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் திறந்துவிடும். ஜாதகம் கணிக்கும் மென்பொருளில் போட்டவை அந்த மென்பொருள் இல்லாமல் திறக்காது. அவற்றைப் பழைய லேப்டாப்பிலேயே திறந்து பிரிண்ட் எடுத்துக்கொள்வதுதான் வழி.

"இப்போதுதான் எல்லாம் கிளவுடில் இருக்கிறதே" என்று மருமகள் சொல்லலாம். புதியவை இருக்கும். பழைய லேப்டாப்பில் இருப்பது தானாக ஏறிப் போகாது. ஏற்றினாலும், படிக்க முடியாத ஃபைல் மேகத்தில் இருந்தாலும் பரணில் இருந்தாலும் ஒன்றுதான்.

"எல்லாவற்றையும் எதற்கு மாற்ற வேண்டும்?" என்று இன்னொரு கேள்வி. இது நியாயமான கேள்வி. என் பதில்: முதலில் எல்லாவற்றையும் அப்படியே ஒரு டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள், பிறகு பொறுக்குங்கள். யாரோ ஃபார்வர்டு செய்த ஜோக்குகளும் 2003ஆம் வருஷத்து டெலிபோன் பில் கணக்கும் போனால் போகட்டும். குடும்பத்துக்கு வேண்டியது என்று நீங்கள் நினைப்பதைத் தனி ஃபோல்டரில் போட்டு, தமிழில் பெயர் வையுங்கள். அதில் முக்கியமான இருபது, முப்பது பக்கத்தை யூனிகோடில், பி.டி.எஃப். ஆகவும், காகிதத்திலும் வைத்துவிடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று மகனிடம், ஒன்று மகளிடம். இந்தப் பொறுக்குதலைப் பிள்ளைகளுக்கு விட்டுவைத்தால் அவர்கள் ஒன்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு எதையும் பார்க்க மாட்டார்கள், இல்லை எல்லாவற்றையும் தூக்கிப் போடுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

நமக்கு நேரம் இருக்கிறது. கண் பார்வையும் ஞாபகமும் இப்போதைக்கு இருக்கிறது. லேப்டாப்பும் ஒருவேளை இன்னும் எழுந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும் காலம் நீளமானதல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரன் வரும்போது பரணிலிருந்து அதை இறக்கச் சொல்லுங்கள். சார்ஜரை இன்றே தேடத் தொடங்குங்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் ஆகும்.